வில்லியம் ஹார்வி
வில்லியம் ஹார்வி (ஏப்ரல் 1, 1578 – ஜூன் 3, 1657) ஓர் ஆங்கிலேய மருத்துவர், உடற்கூற்றியலாளர். இதயம் ஓர் இறைப்பியைப் போலச் சுருங்கிக் குருதியைத் தமனிகளுக்குள் செலுத்துகிறது என்பதையும், அதே குருதி சிரைகளின் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது என்பதையும் சோதனைகளாலும் கணக்கீட்டாலும் நிறுவியவர். உடலியங்கியல் சோதனை அடிப்படையிலான அறிவியலாக வளர்ந்ததில் இவரது பங்கு முதன்மையானது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஃபோக்ஸ்டன் என்னும் கடலோர ஊரில் தாமசு ஹார்வி, ஜோன் இணையரின் மூத்த மகனாகப் பிறந்தார். கேன்டர்பரியில் பள்ளிக் கல்வி பயின்று, 1593 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் மற்றும் கீய்சு கல்லூரியில் சேர்ந்து, 1597 இல் பட்டம் பெற்றார். பின்னர் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவருடைய ஆசிரியராக இருந்த ஃபெப்ரீசியசு, சிரைகளினுள் சிறு தடுக்கிதழ்கள் இருப்பதை விளக்கி 1603 இல் நூல் வெளியிட்டவர். ஆனால் அவை கை கால்களில் குருதி தேங்காதவாறு அதன் வேகத்தைக் குறைப்பதற்காகவே அமைந்தவை என்று அவர் கருதினார். இதற்கு வேறொரு விளக்கத்தைப் பிற்காலத்தில் அவருடைய மாணவரே கண்டறிந்தார்.

ஹார்வி 1602 இல் பதுவாவில் மருத்துவப் பட்டம் பெற்று நாடு திரும்பினார். 1604 இல் எலிசபெத் பிரவுன் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1609 இல் இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் மருத்துவரானார். 1616 முதல் மருத்துவர் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரைகள் ஆற்றினார். மன்னர் முதலாம் ஜேம்சுக்கும், பின்னர் முதலாம் சார்லசுக்கும் அரச மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலக் கருத்து

கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் கொள்கைகளே ஐரோப்பிய மருத்துவத்தில் அன்றும் கோலோச்சின. அவற்றின்படி, உண்ட உணவிலிருந்து கல்லீரல் இடைவிடாது குருதியை உண்டாக்குகிறது. அது சிரைகளின் வழியே உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவழிந்துவிடுகிறது. ஒரு பகுதிக் குருதி இதயத்தின் இடைச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக வலப்புறமிருந்து இடப்புறம் கசிகிறது. இத்துளைகளை எவரும் கண்டதில்லை. எனினும் நோய்க்கான காரணமும் மருந்தும் இக்கொள்கையின் மீதே கட்டப்பட்டிருந்தமையால், அதை மறுப்பது மருத்துவம் முழுவதையும் கேள்விக்குள்ளாக்குவதாக இருந்தது.

குருதி வலக் கீழறையிலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறம் செல்கிறது என்பதை 13 ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நபீசும், 16 ஆம் நூற்றாண்டில் செர்வெத்தசும் கொலம்போவும் எழுதியிருந்தனர். உடல் முழுவதற்குமான சுற்றோட்டத்தைச் சான்றுகளுடன் நிறுவியவர் ஹார்வியே.

கணக்கீடும் சோதனைகளும்

ஹார்வி குருதியின் அளவைக் கணக்கிட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் அரை அவுன்சு குருதி மட்டுமே வெளியேறுவதாகக் கொண்டாலும், அரை மணி நேரத்தில் நிகழும் ஏறத்தாழ 1000 துடிப்புகளில் 500 அவுன்சு, அதாவது சுமார் 15 கிலோகிராம் குருதி வெளியேற வேண்டும். உடலில் உள்ள மொத்தக் குருதியைவிட இது மிகுதி. அவ்வளவு குருதியை உணவிலிருந்து உண்டாக்குவது இயலாது. எனவே அதே குருதியே மீண்டும் மீண்டும் சுற்றிவர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இம்முடிவைக் கையில் கட்டுப் போட்டு விளக்கினார். மேற்கையை மிக இறுக்கமாகக் கட்டினால் கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு நின்று கை குளிர்ந்துவிடும். கட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆழத்தில் உள்ள தமனிகளில் ஓட்டம் தொடங்கும்; தோலுக்கு அருகிலுள்ள சிரைகள் அடைபட்டே இருப்பதால் கட்டுக்குக் கீழே அவை புடைத்தெழும். குருதி தமனி வழியே வந்து சிரை வழியே திரும்புவதை இது காட்டுகிறது. புடைத்த சிரையில் தடுக்கிதழ்கள் முடிச்சுகளைப் போலத் தெரியும். ஒரு விரலால் சிரையை அழுத்தியபடி, மற்றொரு விரலால் குருதியை அடுத்த முடிச்சுக்கு மேலே தள்ளினால், இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து குருதி இறங்குவதில்லை. ஆகவே தடுக்கிதழ்கள் குருதியை இதயத்தை நோக்கி மட்டுமே செல்ல விடுகின்றன. துடிப்பு மெதுவாக உள்ள பாம்பு, மீன் போன்ற விலங்குகளின் இதயங்களையும் அவர் ஆராய்ந்தார்.

நூலும் எதிர்ப்பும்

விலங்குகளில் இதயம், குருதி ஆகியவற்றின் இயக்கம் பற்றிய இவரது இலத்தீன் நூல் 1628 இல் பிராங்க்ஃபர்ட் நகரில் வெளியானது. 72 பக்கங்களே கொண்ட இந்நூலை வெளியிட்டபோது ஹார்விக்கு வயது 50. அதற்கு முன் பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் முன்னிலையில் இதை விளக்கிக் காட்டியிருந்தார்.

நூல் வெளியான பின்னர் அவரிடம் வரும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது என்று அவரை அறிந்த ஜான் ஆப்ரி பதிவு செய்துள்ளார். ஜேம்சு பிரிம்ரோசு 1630 இல் மறுப்பு நூல் எழுதினார். பாரிசைச் சேர்ந்த ரியோலானுக்கு மட்டும் 1649 இல் ஹார்வி எழுத்து மூலம் விடையளித்தார். தெகார்த் 1637 இல் சுற்றோட்டத்தை ஏற்றுக்கொண்டார். ஆயினும் இதயத்தின் இயக்கம் பற்றி மாறுபட்டார்.

பிற்காலம்

1642 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஹார்வி மன்னருடன் சென்றார். அவ்வேளையில் நாடாளுமன்றப் படையினர் அவரது இலண்டன் இருப்பிடத்தைச் சூறையாடினர். பூச்சிகளின் இனப்பெருக்கம் பற்றிய பல ஆண்டுக் குறிப்புகள் இதில் அழிந்தன. விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றிய மற்றொரு நூல் 1651 இல் வெளியானது. 1654 இல் மருத்துவர் கல்லூரித் தலைவர் பதவி தேடி வந்தபோது, முதுமையைக் காரணம் காட்டி மறுத்தார். 1657 இல் தமது 79 ஆம் வயதில் காலமாகி, எசெக்சின் ஹெம்ப்ஸ்டெட் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வாறு செல்கிறது என்பதை ஹார்வியால் காண இயலவில்லை. அவரிடம் அதற்கேற்ற நுண்நோக்கி இல்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661 இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டு, இந்த இடைவெளியை நிரப்பினார். மருத்துவ முறைகள் உடனே மாறிவிடவில்லை. நோயாளியின் குருதியை வடிக்கும் பழக்கம் 19 ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. எனினும் இரத்த அழுத்த அளவீடு, குருதி மாற்றீடு, இதய அறுவை மருத்துவம் ஆகிய அனைத்தும் ஹார்வி நிறுவிய சுற்றோட்டக் கொள்கையையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.