திருக்குடும்ப ஆலயம் எடுத்த அந்தோனி கௌடி

ஆலயத் திருப்பணிக்குப் பொருள் அளிக்கும் அன்பர் அனைவருக்கும் உள்ளத்தில் ஓர் ஆசை உண்டு. கண் மூடுமுன் குடமுழுக்கைக் கண்டுவிட வேண்டும் என்பதே அது. இயல்பான ஆசைதான். ஆயினும், தாம் எடுக்கும் ஆலயம் நிறைவுறுவதைத் தாம் காணப்போவதில்லை என்று நன்கு அறிந்தும், அதற்கெனவே 43 ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஸ்பெயின் தேசத்தில் வாழ்ந்தார். பார்சிலோனா நகரில் திருக்குடும்பத்தின் பெயரால் விளங்கும் கிறிஸ்தவ ஆலயத்தின் சிற்பி அந்தோனி கௌடியே அவர். சமயம் வேறாயினும், திருப்பணியில் தோய்ந்த உள்ளங்களுக்கு அவர் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

கத்தலோனியா நாட்டில் ரேயுஸ் என்னும் ஊரை அடுத்த பகுதியில் 1852-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் செம்புக் கொல்லர். தட்டையான தகடு சம்மட்டி அடியில் வளைந்து கொப்பரையாக உருப்பெறுவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை வளர்ந்தது. இளமையிலேயே மூட்டுவாதம் பற்றியதால் ஓடியாடி விளையாட இயலவில்லை. செடிகொடிகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் நெடுநேரம் உற்று நோக்குவதே பொழுதுபோக்காயிற்று. பிற்காலத்தில் அவர் வகுத்த ஆலயத் தூண்கள் அடிமரம்போல் எழுந்து மேலே கிளைகளாகப் பிரிந்து கூரையைத் தாங்குவதைக் காண்போர், அந்தப் பிணி ஒருவகையில் நன்மையே செய்ததென எண்ணுவர்.

பார்சிலோனாவில் கட்டடக் கலை பயின்ற நாட்களில், வறுமையின் காரணமாகக் கட்டடக்காரர்களிடம் வரைபடம் எழுதிப் பிழைத்தார். 1878-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கையுறை வணிகர் ஒருவருக்காக அவர் அமைத்த கண்ணாடிப் பேழை பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. அதனைக் கண்டு வியந்த யூசெபி குவெல் என்னும் செல்வர் வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஆதரவாளரானார். ஒரு பேழையால் கிடைத்த புரவலர்!

கௌடிக்குக் கைவராத தொழில் அரிது. நகரச் சதுக்கத்திற்கு விளக்குத் தூண்கள் வகுத்தார். பனை ஓலை வடிவில் இரும்பு வேலிக்கும், வாய் பிளந்த பறவைநாகம் காவல் நிற்கும் இரும்பு வாயிலுக்கும் உருவம் தந்தார். அமர்வோர் உடலமைப்புக்கு இசைய மர நாற்காலிகள் வகுத்தார். உடைந்த பீங்கான் ஓட்டுச் சில்லுகளைப் பதித்து வண்ணக் கோலம் செய்யும் முறையை ஓங்கச் செய்தார். குவெல் பூங்காவின் வளைந்த இருக்கைகளில் அக்கலையின் அழகைக் காணலாம். அங்கே ஜுஜோல் என்ற உதவியாளரின் கைத்திறனுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆலய மணிகளின் ஓசை எவ்வாறு பரவும் என்பதையும் சோதித்துப் பார்த்தார்.

எல்லாவற்றினும் வியப்பானது அவர் செய்த தொங்கும் மாதிரி. குவெலின் ஆலைக் குடியிருப்பில் ஒரு தேவாலயம் எழுப்புவதற்காகக் கயிறுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சுமைக்குத் தக்க ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளை அவற்றில் கட்டினார். கயிறு தானாக எந்த வளைவில் நிற்கிறதோ, அதைக் கவிழ்த்தால் கல் வளைவு நிற்க வேண்டிய வடிவம் கிடைக்கும். இந்த ஒரு மாதிரிக்குப் பத்து ஆண்டுகள் கழிந்தன. அந்தத் தேவாலயம் பாதியில் நின்றது. ஆனால் அங்குக் கற்ற பாடம் பேராலயத்திற்குப் பயன்பட்டது.

அப்பேராலயத்தின் அடிக்கல் 1882 மார்ச் 19-இல் நாட்டப்பெற்றது. பொக்காபெல்லா என்னும் புத்தக வணிகர் அமைத்த பக்தர் சங்கத்தின் முயற்சி அது. அன்பர் காணிக்கையைக் கொண்டே கட்டுவதென்பது அதன் விதி. முதற் சிற்பி கருத்து வேறுபாட்டால் விலகவே, 1883-இல் 31 வயதான கௌடியிடம் பணி வந்தது. அவரோ 18 கோபுரங்கள் வகுத்தார். நடுக்கோபுரத்திற்கு 172.5 மீட்டர் உயரம் குறித்தார். இறைவன் படைத்த மோன்ட்ஜுயிக் குன்றினை மனிதன் கட்டியது விஞ்சலாகாதென்பது அவர் கொள்கை.

இங்கேதான் அவருடைய தொலைநோக்கு விளங்குகிறது. சுற்றுச்சுவர் முழுவதையும் சிறிது சிறிதாக உயர்த்தியிருக்கலாம். அவ்வாறு செய்தால், பணம் வற்றும் நாளில் எஞ்சுவது பாழ்மதில் அன்றோ? ஆகவே கிழக்குத் திசையில் இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு ஒன்றையே அடிமுதல் முடிவரை நிறைவாக்க முனைந்தார். முடிந்த ஒரு பகுதியைக் கண்டவர் எஞ்சியதைக் கைவிட மனம் கொள்ளார் என்று கணித்தார். துன்பத்தைக் காட்டும் முகப்பைப் பின்னுக்கு வைத்து, மகிழ்ச்சியைக் காட்டும் முகப்பை முன்னே எடுத்ததும் மக்கள் மனமறிந்த செயலே. அம்முகப்பின் உருவங்களுக்கு அக்கம்பக்கத்து ஏழை எளியோரையே மாதிரியாகக் கொண்டார். தொழிலாளர் குழந்தைகள் கற்க, 1909-இல் ஆலயத்தருகே அலைபோன்ற கூரையுடன் ஒரு பள்ளியும் கட்டினார்.

இளமையில் நாகரிக உடையில் விருப்பமுள்ளவராயிருந்தவர், வயது ஏற ஏறத் துறவிபோல் ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை; புலால் நீக்கினார். 1894-இல் மேற்கொண்ட நோன்பு உயிருக்கே ஆபத்தாக முடியவிருந்தது. தந்தையார் 1906-இலும், உடனிருந்த உறவுப்பெண் 1912-இலும், குவெல் 1918-இலும் மறைந்தனர். 1914-க்குப் பின் வேறு எப்பணியையும் ஏற்றாரில்லை. காணிக்கை குறைந்தபோது தாமே வீடு வீடாகச் சென்று கையேந்தினார். இறுதியில் ஆலயப் பட்டறையே அவருக்கு இல்லமாயிற்று.

1925 நவம்பர் 30-இல் பர்னபா திருத்தூதர் பெயரிலான கோபுரம் முடிவுற்றது. அவர் கண்ணால் கண்ட முழுக்கோபுரம் அது ஒன்றே. 1926 ஜூன் 7-ஆம் நாள் மாலை வழிபாட்டிற்கு நடந்து செல்கையில் டிராம் வண்டி மோதி வீழ்ந்தார். கந்தல் உடையைக் கண்டோர் பிச்சைக்காரர் என்றெண்ணினர். ஏழைகளுக்கான மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றார். மறுநாளே அவர் இன்னாரெனத் தெரிந்தது. ஜூன் 10-இல் உயிர் நீத்தார். நகர மக்கள் திரண்டு வந்து, அவர் எடுத்த ஆலயத்தின் நிலவறையிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

1936-இல் உள்நாட்டுப் போர்க் கலவரத்தில் பட்டறை எரிந்தது, வரைபடங்கள் சாம்பலாயின, சாந்து மாதிரிகள் நொறுங்கின. அச்சில்லுகளைப் பொறுக்கி ஒட்டி அளவெடுத்தே பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். அடிக்கல் நாட்டி 128 ஆண்டுகள் சென்றபின், 2010 நவம்பர் 7-இல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அவ்வாலயத்தை அர்ப்பணம் செய்தார். நடுக்கோபுரம் அன்று எழும்பியிருக்கவில்லை. கௌடி நிறைவாக்க முனைந்த பிறப்பு முகப்பு மட்டும், கிழக்கே நான்கு கோபுரங்களுடன் முழுமையாக நின்றது.