ஏரிக்கு 6 பேர், பதவி 360 நாள்: முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் விதிகள் இன்றும் பேசப்படுவது ஏன்?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன கோயில்தான். ஆனால், அதன் சுவர்களில் உள்ள இரண்டு கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய விதிகள் அவற்றில் உள்ளன. அந்தக் குழுக்களில் ஒன்றின் வேலை ஏரியைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்றுக்குத் தோட்டங்கள்.

இரண்டும் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் காலத்தவை. வாழ்நாளில் பெரும்பகுதியைப் போர்க்களத்திலேயே கழித்த மன்னன் அவன். அப்படிப்பட்டவனின் பெயர் இன்று ஓர் ஊரின் ஏரிக் குழுவோடு சேர்த்துப் பேசப்படுவது எப்படி?

யார் இந்தப் பராந்தகன்?

பிற்காலச் சோழர் ஆட்சிக்கு அடித்தளம் போட்ட விஜயாலயனின் பேரன், முதலாம் ஆதித்தனின் மகன். ராஜராஜ சோழனுக்குக் கொள்ளுத் தாத்தா. பல்லவர்களை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்தவன் ஆதித்தன். இன்றைய காஞ்சிபுரம், உத்திரமேரூர், ஏனாத்தூர் எல்லாம் அந்த மண்டலத்துக்குள் வரும் பகுதிகள்தான்.

பராந்தகன் 907-ல் ஆட்சிக்கு வந்தான். வந்த உடனேயே நெருக்கடி. ஆதித்தனுக்கு ராஷ்டிரகூட இளவரசி மூலம் பிறந்த இன்னொரு மகன் இருந்தான். தன் பேரனான அவனுக்கு அரியணை கிடைக்காத கோபத்தில்தான் ராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்தான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. வல்லம் என்ற இடத்தில் நடந்த போரில் பராந்தகன் ஜெயித்தான். அந்த இடம் இன்றைய திருவல்லம்.

தெற்கே பாண்டியன் ராஜசிம்மனோடு மோதல். இலங்கை மன்னன் ஐந்தாம் கஸ்ஸபன் படை அனுப்பியும் பாண்டியனைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளூர்ப் போரில் தோற்ற ராஜசிம்மன், முதலில் இலங்கைக்கும் பிறகு சேர நாட்டுக்கும் ஓடினான். பாண்டியரின் மணிமுடியையும் குலச் சின்னங்களையும் இலங்கையிலேயே விட்டுவிட்டுப் போனான். பராந்தகனுக்கு மதுரை கிடைத்தது. மதுரை கொண்ட பரகேசரி என்று கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடுகின்றன.

போர் நடுவே ஓர் ஊர் விவகாரம்

இப்படி வடக்கும் தெற்கும் ஓடிக்கொண்டிருந்த மன்னனிடமிருந்து, அவனது 12-ம் ஆட்சியாண்டில், அதாவது 919-ல், உத்திரமேரூர்ச் சபைக்கு ஓர் ஆணை போனது. ஆணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரியும் வந்து சபையோடு உட்கார்ந்தார். வாரியங்களுக்கு ஆள் எடுப்பதற்கான விதிகள் முடிவாயின.

உத்திரமேரூர் அப்போது உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். சபையும் வாரியமும் பராந்தகன் புதிதாகக் கொண்டுவந்தவை அல்ல. ஏரி மராமத்துக்கு எனத் தனியாகப் பொன் வைத்து, அதன் வட்டியில் தூர்வாரும் ஏற்பாடெல்லாம் பல்லவர் காலத்திலேயே இங்கு இருந்தது. வைரமேகத் தடாகம் என்பது அந்த ஏரியின் பழைய பெயர்.

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையும் அவன் கண்டுபிடிப்பு இல்லை. சங்க இலக்கியத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. திருநெல்வேலி பக்கம் மானூரில், பராந்தகனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்றும் சபை உறுப்பினருக்கான தகுதிகளைச் சொல்கிறது.

அப்படியானால் புதுசு என்ன? விதிகளைத் துல்லியமாக எழுதியதும், சரிவராதபோது திருத்தியதும்தான்.

இரண்டே ஆண்டில் திருத்தம்

919-ல் போட்ட விதிகள் நீடிக்கவில்லை. 14-ம் ஆட்சியாண்டில், 921-ல், சோமாசிப்பெருமான் என்ற இன்னோர் அதிகாரி வந்தார். சபை மறுபடியும் கூடியது. ஊரில் தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று அந்தக் கல்வெட்டு காரணம் சொல்கிறது. முதல் ஏற்பாட்டில் யாரோ புகுந்து விளையாடியிருக்கிறார்கள் என்று ஊகிக்க இது போதும்.

இரண்டாவது கல்வெட்டின் முக்கிய விதிகள் இவை:

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர்.

போட்டியில் இருப்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இன்றைய தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். அக்காலத்தில் இந்த அளவு இடத்துக்கு இடம் மாறியது. வீடும் சொந்த மனையில் இருக்க வேண்டும். வேதப் படிப்பும் வேண்டும். படிப்பு அதிகம் இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும்.

வயது 35 முதல் 70 வரை. 919-ல் இது 30 முதல் 60 வரை என்று இருந்தது.

கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரைக்கும் ஒருவரும் கூடாது. உறவு உறவாகப் பெயர் சொல்லிக் கல்வெட்டு கதவைச் சாத்துகிறது. பினாமி வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதுசில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அடுத்தவர் பொருளைப் பறித்தவர், பெரும் பாதகம் செய்தவர் பட்டியலும் தனியாக நீள்கிறது.

சீட்டு எடுப்பதிலும் ஏமாற்ற முடியாது

சிறியவர் பெரியவர் என்று சபை முழுக்கக் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார்கள் எல்லோரும் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்ற வழியில்லை. அவர் வாசித்த பெயரை நம்பிமார்களும் ஒவ்வொருவராக வாசிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பெயர் உறுதி.

ஆக, தகுதிதான் முதல் வடிகட்டி. தகுதியுள்ளவர்களுக்குள் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஓட்டுக் கேட்கவும் வேலையில்லை, காசு கொடுக்கவும் வேலையில்லை.

ஏரி வாரியத்தில் என்ன விசேஷம்?

தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மீதி 6 பேர் ஏரி வாரியம். இவை தவிர, பொன்னின் தரம் பார்க்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனித் தேர்வு. பஞ்சவார வாரியத்தின் வேலை என்ன என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விதி இருக்கிறது. ஊரின் மேல்மட்டக் குழுவான சம்வத்சர வாரியத்துக்குப் போகிறவர், ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். அவர்களுக்குள் படிப்பிலும் வயதிலும் மூத்தவர்களுக்குத்தான் இடம். அதாவது, தண்ணீரையும் மண்ணையும் பற்றித் தெரியாமல் ஊரை நடத்தும் இடத்துக்குப் போக முடியாது.

காரணம் எளிது. இந்தப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் வரத்துக் கால்வாய் சுத்தமாக இருந்தால் ஏரி நிரம்பும். கரை பலமாக இருந்தால் நிற்கும். கலங்கல் சரியாக இருந்தால் உபரி நீர் ஊரை அடிக்காமல் அடுத்த ஏரிக்குப் போகும். மதகை யாருக்கு எப்போது திறப்பது என்பது தினப்படி சண்டை. மழைக்கு முன் ஒரு மாதம் அசட்டையாக இருந்தால் ஒரு வருட விளைச்சல் போச்சு. 360 நாள் பதவி என்றால், ஒவ்வொரு குழுவும் ஒரு மழைக்காலத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். பதவியில் இருக்கும்போதே தப்பு செய்து மாட்டினால், 360 நாள் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே நீக்கலாம் என்றும் விதி இருந்தது.

இது ஜனநாயகமா?

முழுசாக இல்லை. நிலம் இருந்த, வேதம் படித்த பிராமண ஆண்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு. ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. நிலமும் படிப்பும் இருந்தவர்களுக்குள் அதிகாரம் ஒரே கையில் தேங்காமல் சுழல வைத்த ஏற்பாடு இது. அதன் பலமும் வரம்பும் அதுவே.

அரசனுக்கும் இதில் ஆதாயம் உண்டு. அப்பா பிடித்துச் சில பத்தாண்டுகளே ஆன மண்டலம் அது. ஊர்ச் சபை ஒழுங்காக நடந்தால் ஏரி நிரம்பும், வரி வரும், படை நகரும்.

பராந்தகனுக்கு என்ன ஆனது?

தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவன் என்று சோழர் செப்பேடுகள் அவனைப் புகழ்கின்றன. ஆட்சியின் பிற்பகுதியில், பாண்டியன் விட்டுப்போன மணிமுடிக்காக இலங்கைக்குப் படை அனுப்பினான். முடி கிடைக்கவில்லை. சுமார் 70 ஆண்டுகள் கழித்து ராஜேந்திர சோழன்தான் அதைக் கொண்டுவந்தான்.

வடக்கே ராஷ்டிரகூடர் மறுபடியும் வலுத்தார்கள். மூத்த மகன் ராஜாதித்தனைப் படையோடு வட எல்லைப் பக்கம் பராந்தகன் நிறுத்தியிருந்தான். 949-ல், இன்றைய அரக்கோணம் அருகே தக்கோலத்தில் மூன்றாம் கிருஷ்ணனோடு பெரும் போர். யானை மேல் இருந்த ராஜாதித்தனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்றான். சோழப் படை சிதறியது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. உத்திரமேரூரிலேயே ராஷ்டிரகூட மன்னனின் பெயர் சொல்லும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. சுமார் 955-ல் பராந்தகன் இறந்தபோது, அரை நூற்றாண்டு உழைப்பில் சேர்த்த பேரரசு சுருங்கிக் கிடந்தது. சோழர்கள் மீண்டு எழ ராஜராஜன் காலம் வரை, ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

மிஞ்சியது வேறு. கடலூர் மாவட்டத்தில் உள்ள வீராணம் ஏரியின் பெயர், வீரநாராயணன் என்ற அவனது பட்டத்திலிருந்து வந்தது. எதிரிக்காகக் காத்திருந்த வீரர்களை வைத்து ராஜாதித்தன் அதை வெட்டியதாக மரபு. 2004 முதல் சுமார் 235 கி.மீ. குழாய் வழியாக அந்த ஏரித் தண்ணீர்தான் சென்னை வீடுகளுக்கும் வருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளோ 1898-ல் தொல்லியல் துறையினரின் கண்ணில் பட்டன. 2020-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழா வரை பேசப்பட்டன.

இன்று யார் பார்க்கிறார்கள்?

ஏரி மாவட்டம் என்றே பெயர் எடுத்தது பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஒரு பகுதிதான் இன்றைய காஞ்சிபுரம். இப்போதும் குழுக்களுக்குக் குறைவில்லை. பாசன சபைகளுக்கு 2000-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை. கிராமங்களில் கிராம சபை. 921-ல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்று உள்ளே வரலாம். அது பெரிய முன்னேற்றம்.

ஆனால், உத்திரமேரூர் சபை இரண்டாம் முறை கூடி எழுதிய அந்த விதியின் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழுவில் இருந்தவர் கணக்குக் காட்டினாரா? காட்டாதவரும் அவர் வீட்டாரும் அடுத்த முறை மறுபடியும் வருகிறார்களா? இதைக் கேட்க இடம் இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் தேதி தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலும் கூடுகிறது. ஊர் ஏரிக்குப் போன வருடம் எவ்வளவு செலவானது, எந்தக் கால்வாய் தூர்வாரப்பட்டது என்று அங்கே கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.