பழைய ஒஸ்ரின் காரில் தொடங்கிய வாழ்வு: புரூஸ் மக்லாரன்

1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒஸ்ரின், மொரிஸ் கார்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். புதிய உதிரிப்பாகம் வராது. ஒரு காரில் கழற்றியதைத் தேய்த்து, அளந்து, இன்னொரு காருக்குப் பொருத்த வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தோடு இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர்கள் இன்றும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய இரும்புக் குவியலைக் கிளறி, வேண்டியதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு வாழ்க்கைக் கதை நியூசிலாந்தில் இருக்கிறது. மக்லாரன் என்றால் இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் காரும் போர்முலா வன் அணியும் நினைவுக்கு வரும். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். சிறுவயதில் கால் முடங்கிப் படுக்கையில் கிடந்த அவர், உடைந்து துண்டுகளாக வந்த ஒரு பழைய காரில்தான் தொழில் கற்றார்.

புரூஸ் மக்லாரன் 1937 ஓகஸ்ட் 30ஆம் திகதி ஒக்லாந்து நகரில் பிறந்தார். தந்தை லெஸ் அந்நகரின் றெமுவேரா பகுதியில் பெற்றோல் நிலையமும் அதனுடன் சேர்ந்த கராஜும் நடத்தினார். முன்பு மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். பையன் கிறீஸ் மணத்துக்கிடையே வளர்ந்தான்.

ஒன்பது வயதில் இடுப்பு வலிக்கத் தொடங்கியது. பேர்த்தஸ் நோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். தொடை எலும்பின் மேல் முனைக்கு இரத்தம் சரியாகப் போகாமல் அந்த எலும்பு சிதையும் நோய் அது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கான வில்சன் இல்லத்தில், கால்களில் பாரம் கட்டி இழுத்த நிலையில், அசையாமல் படுத்திருந்தான். எழுந்தபோது இடது கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் காலைத் தாங்கித் தாங்கியே நடந்தார். மற்றப் பையன்களைப் போல ஓடியாடும் விளையாட்டு இனி இல்லை என்றாகிவிட்டது.

அந்த நிலையில்தான் கார் வந்தது. 1929இல் செய்யப்பட்ட ஒஸ்ரின் 7 அல்ஸ்ரர். சிறிய, இரண்டு ஆசனப் பந்தய வகைக் கார். துண்டு துண்டாகக் கிடந்த அதைத் திருத்தி விற்கலாம் என்று லெஸ் வாங்கினார். மகன் விற்க விடவில்லை. தந்தையும் மகனும் சேர்ந்து அதைப் பொருத்தினார்கள்.

அதன் இயந்திரம் 747 சீசி. நான்கு சிலிண்டர். இப்போது வீதியில் ஓடும் சாதாரண முச்சக்கர வண்டியைவிடச் சில மடங்கு பெரியது, அவ்வளவுதான். பிறேக் கம்பிவடத்தால் இயங்குவது. அழுத்தினாலும் கார் உடனே நிற்காது. இப்படிப்பட்ட பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார்படுத்துபவர் வேகத்தைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். முதலில் கார் நிற்க வேண்டும், அடுத்து சொன்ன பக்கம் திரும்ப வேண்டும், பிறகு சூடேறாமல் ஓட வேண்டும்.

இன்று பொழுதுபோக்காகப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கும் இதே ஒழுங்குதான். பழைய பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். தொடர்ந்து பிறேக் அழுத்தும்போது அது கொதித்துக் குமிழி கட்டினால் மிதி தரைவரை போய்விடும். ஆகவே முதலில் அதை மாற்ற வேண்டும். வெடித்த இறப்பர்க் குழாய்கள், வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன ரயர்கள், அடைத்துப்போன றேடியேற்றர், ஆடும் பற்றறி, தளர்ந்த ஆசனப்பட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டு இறுக்கிய பிறகே இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

புரூஸ் சிலிண்டர் தலைப்பாகத்தைக் கழற்றி, எரிவாயு அமுங்கும் இடத்தின் வடிவத்தை மாற்றி, அந்தச் சிறிய இயந்திரத்திலிருந்து கூடுதல் வலுவை எடுத்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டிப் பார்த்து, மீண்டும் பிரித்தார். 1952இல் முரிவாய் என்ற இடத்தில் நடந்த மலையேற்றப் போட்டியில் முதல் தடவையாக ஓட்டினார். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டைப் போட்டியைப் போன்றது அது: வளைந்தேறும் பாதையில் ஒவ்வொரு காராக, நேரத்தை அளந்து ஓட்டுவார்கள். காலைத் தாங்கி நடக்கும் அந்தப் பையன் தன் பிரிவில் முதலாவதாக வந்தார்.

பின்னர் பொறியியல் படிக்கப் போனார். ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு அப்போது ஆட்மோர் விமானத்தளத்தில் இயங்கியது. இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட தளம் அது. அதே தளத்தின் ஓடுபாதையில் 1954 முதல் நியூசிலாந்து கிராண்ட் பிரிக்ஸ் பந்தயமும் நடந்தது. உலகின் பல பந்தயத் தடங்களின் பிறப்பு இப்படித்தான். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் களுத்துறைக்கு அப்பால் வரும் கட்டுக்குருந்தவும், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் அந்தப் போருக்காகப் போடப்பட்ட ஓடுபாதைகள். போர் முடிந்ததும் குண்டு காவிய விமானங்கள் போய், அங்கே கார்கள் ஓடின.

ஆட்மோரில் அவுஸ்திரேலிய ஓட்டுநர் ஜக் பிறபம் புரூஸைக் கவனித்தார். 1958இல், திறமையுள்ள இளைஞர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நியூசிலாந்துத் திட்டத்தில் முதலாவதாகத் தெரிவானவர் புரூஸ். படிப்பைப் பாதியில் விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு கூப்பர் அணியில் பிறபமுடன் சேர்ந்து ஓடினார். 1959 டிசம்பர் 12இல் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த பந்தயத்தில் கடைசிச் சுற்றில் பிறபமின் காரில் பெற்றோல் தீர்ந்தது. பின்னால் வந்த புரூஸ் வென்றார். பிறபம் இறங்கித் தன் காரைத் தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்து, அந்த ஆண்டின் உலகப் பட்டத்தைப் பெற்றார். அப்போது புரூஸுக்கு 22 வயது. கிராண்ட் பிரிக்ஸ் வென்றவர்களில் மிக இளையவர் என்ற பெயர் 2003 வரை அவரிடமே இருந்தது.

1963இல் இங்கிலாந்தில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் இடம் நியூ மோல்டனில் மண்தரை போட்ட ஒரு கொட்டகை. ஒக்லாந்துக் கராஜில் கற்ற முறையையே அங்கும் பின்பற்றினார்: தானே வரைவது, தானே ஓட்டிப் பார்ப்பது, பிழையைக் கண்டு திருத்துவது. 1966இல் நாட்டவரான கிறிஸ் ஏமனுடன் போர்ட் காரில் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றார். 1968இல் பெல்ஜியத்தில் தன் பெயர் தாங்கிய காரை ஓட்டி வென்றார். வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடரில் 1969ஆம் ஆண்டு நடந்த 11 பந்தயங்களையும் மக்லாரன் கார்களே வென்றன.

1970 ஜூன் 2இல் தென் இங்கிலாந்தின் குட்வூட் தடத்தில் புதிய கான்-ஆம் காரைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். அதுவும் பழைய போர் விமானத்தளம்தான். கடும் வேகத்தில் காரின் பின்பக்க மூடி பெயர்ந்தது. காரைத் தரையோடு அழுத்திவைத்த காற்றின் பிடி ஒரே கணத்தில் போயிற்று. கார் சுழன்று தடத்தோரக் காவல் மேடையில் மோதியது. புரூஸ் அந்த இடத்திலேயே இறந்தார். வயது 32. மனைவி பற்றியும் சிறு மகள் அமண்டாவும் தனித்துப் போனார்கள்.

காரின் மற்ற எல்லாப் பாகங்களும் சரியாக இருந்து ஒரு மூடி மட்டும் விலகினாலும் போதும் என்பதை அந்த மரணம் காட்டியது. பந்தயத் தடத்துக்குப் போகும் எந்தக் காரையும் வாசலில் வைத்து ஒருவர் தட்டி, இழுத்து, குலுக்கிப் பார்ப்பதன் பொருள் இதுதான். பழைய காரோடு போகிறவர் அந்தச் சோதனையைத் தொந்தரவாக நினைக்கக் கூடாது.

அணி கலையவில்லை. புரூஸின் நண்பரும் சக ஓட்டுநருமான டெனி ஹல்மின் கைகள் சில வாரங்களுக்கு முன்னர்தான் இண்டியானாபொலிஸில் எரிந்திருந்தன. ஆறாத கைகளோடு அவர் ஜூன் 14இல் கனடாவின் மொஸ்போர்ட்டில் ஓடினார். புரூஸின் இடத்தில் ஓடிய டான் கேர்னி அந்தப் பந்தயத்தை வென்றார். 1974இல் அணிக்கு முதல் போர்முலா வன் உலகப் பட்டம் கிடைத்தது. 2024இலும் அணிகளுக்கான உலகப் பட்டம் மக்லாரனுக்கே.

மனவுறுதி இருந்தால் எல்லாம் முடியும் என்று இந்தக் கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் புரூஸுக்குச் சில விடயங்கள் வாய்த்திருந்தன. படுத்திருந்த காலத்தில் அந்த வைத்திய இல்லத்தின் மேல் எறிகணை விழவில்லை. எழுந்து வந்தபோது வீடும் கராஜும் விட்ட இடத்திலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நடக்கச் சிரமப்படும் மகனைப் பார்த்து உன்னால் முடியாது என்று சொல்லாமல், கையில் சாவியைக் கொடுத்துக் காருக்குக் கீழே படுக்கவிட்ட ஒரு தந்தை இருந்தார்.

எங்கள் பிள்ளைகள் பலருக்கு முதல் இரண்டும் கிடைக்கவில்லை. காலை இழந்தவர்கள், உடலில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்கள் இன்று நடுவயதை எட்டியிருக்கிறார்கள். அவர்களில் வேலை தெரிந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையின் கைப்பழக்கமும் இன்னும் முழுதாக மறையவில்லை. மூன்றாவதை மட்டும் இன்றும் நாம் கொடுக்கலாம். தொழில் தெரிந்த ஒருவர், ஊன்றுகோலோடு வரும் ஒரு பையனைக் கராஜுக்குள் கூப்பிட்டு, ஒரு பழைய இயந்திரத்தைப் பிரிக்கவிடுவதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

தந்தையும் மகனும் பொருத்திய அந்த 1929ஆம் ஆண்டு ஒஸ்ரின் 7 விற்கப்பட்டோ உடைக்கப்பட்டோ காணாமற்போகவில்லை. இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலுள்ள மக்லாரன் தலைமையகத்தில், உலகப் பட்டம் வென்ற கார்களின் வரிசையில் அதுவும் நிற்கிறது.