கப்பல் போன பிறகு... கோவில்பட்டி கோர்ட்டில் வக்கீலாக நின்ற வ.உ.சி.!

கோவில்பட்டி: வ.உ.சி. என்றதும் எல்லோருக்கும் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று கப்பல். இன்னொன்று செக்கு. 1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டியதும் அதைத்தான். ஆனால் ஜெயிலை விட்டு வெளியே வந்தபோது வ.உ.சி.க்கு வயசு 40. அதற்குப் பிறகும் 24 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த 24 வருஷத்தில் நம்ம கோவில்பட்டிக்கும் பெரிய பங்கு உண்டு. அது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

கரிசல் மண்ணின் பிள்ளை

1872 செப்டம்பர் 5-ந்தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளை பேர்பெற்ற வக்கீல். அம்மா பரமாயி. பக்கத்து எட்டயபுரத்தில் பாரதியாரின் அப்பா சின்னசாமி ஐயரும் உலகநாத பிள்ளையும் சிநேகிதர்கள். அந்த சிநேகம் பிள்ளைகள் காலத்திலும் தொடர்ந்தது.

சிதம்பரமும் வக்கீலுக்குப் படித்தார். ஓட்டப்பிடாரத்தில் தொழிலை ஆரம்பித்தார். ஏழைகள் மீது போலீஸ் போட்ட வழக்குகளை எடுத்து நடத்தி அதிகாரிகளின் பகையைச் சம்பாதித்தார். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த அப்பா, 1900-ல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார். பயந்து அனுப்பிய இடத்தில்தான் பெரிய சண்டையே காத்திருந்தது!

குடை கொடுத்த கம்பெனி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்த பருத்தி மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடிக்குப் போன காலம் அது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. பருத்தி நம்ம சம்சாரி விதைத்தது. நூல் நூற்கும் கோரல் மில் வெள்ளைக்காரன் ஹார்வியுடையது. கொழும்புக்குப் போகிற கப்பலும் வெள்ளைக்கார பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது.

இதை உடைக்கத்தான் 1906 அக்டோபர் 16-ந்தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர்தான் கம்பெனியின் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8 ஆயிரம் பங்கு வாங்கி 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

முதலில் வாடகைக் கப்பல். அதற்கும் வெள்ளைக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். சளைக்காத வ.உ.சி., 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே கொண்டுவந்துவிட்டார். ஆடிப்போன பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு வெள்ளைக்காரன் இறங்கிவந்தான். ஆனாலும் சனங்கள் சுதேசிக் கப்பலை விட்டுக்கொடுக்கவில்லை.

மில் கூலிகளுக்காக...

1908 பிப்ரவரி 27-ந்தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி குறைவு. வாராந்திர லீவு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட நாள் முழுக்க வேலை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். சில நாளிலேயே நிர்வாகம் பணிந்தது. கூலி கூடியது, வார லீவும் கிடைத்தது.

கப்பலைப் பொறுத்துக்கொண்ட சர்க்கார், மில்லையும் தொட்டதும் பொறுக்கவில்லை. மார்ச் 12-ந்தேதி கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள்.

ஜூலை 7-ந்தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜதுரோகத்துக்கு 20 வருஷம். சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 வருஷம். மொத்தம் 40! செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. அவர் கடைசிவரை தேறவே இல்லை.

அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவை ஜெயிலில் செக்கு இழுக்க வேண்டியிருந்தது. அப்புறம் கண்ணனூர் ஜெயில். அவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். கப்பல் போட்டிக் கம்பெனி கைக்கே போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் ஜூன் 17-ந்தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். சுதேசிக் கம்பெனியை நசுக்கியவர் என்று ஆஷ் மேல் இருந்த கோபமும் அதற்கு ஒரு காரணம்.

வரவேற்க ஆள் இல்லை

1912 டிசம்பரில் விடுதலை. கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லாமல் இருந்த மனுஷரை வரவேற்க ஜெயில் வாசலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் நின்றார்கள். அவர்களில் ஒருவர், நோயால் உருமாறிப்போயிருந்த சுப்பிரமணிய சிவா.

கப்பல் இல்லை, சொத்து இல்லை. வக்கீல் சன்னதையும் பறித்துவிட்டார்கள். மனைவி மீனாட்சி அம்மாள், பிள்ளைகளோடு சென்னையில் குடியேறினார். சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். ஓடவில்லை. தென்னாப்பிரிக்கா தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி மூலமாக வரவேண்டி இருந்தது. அதற்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. கடைசியில் 1916-ல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா.

அந்த வறுமையிலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மெய்யறம் எழுதினார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையை 1917-ல் பதிப்பித்தார். 1920-ல் கல்கத்தா சிறப்பு மாநாட்டுக்குப் போய்வந்தவர், ஒத்துழையாமைக் கொள்கை பிடிக்காமல் காங்கிரசை விட்டே விலகினார்.

சன்னது வாங்கிக் கொடுத்த வெள்ளைக்காரர்

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். 1908-ல் வ.உ.சி. வழக்கை முதலில் விசாரித்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய மாஜிஸ்திரேட் வாலஸ், பின்னாளில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆகியிருந்தார். பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் அவரே! அந்த நன்றியை வ.உ.சி. மறக்கவில்லை. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தவர், வெள்ளைக்கார மனுஷரை வெறுக்கவில்லை.

சன்னது கிடைத்ததும் 1920-களில் தொழில் நடத்த அவர் வந்து சேர்ந்த ஊர் கோவில்பட்டி. பிறந்த மண்ணுக்குப் பக்கம். சுற்றிலும் தெரிந்த சனங்கள். ஆனால் மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த சீமை இது. இந்த மாதிரி ஊரில் வழக்குக்குப் பஞ்சம் இருக்காது. கட்சிக்காரன் மடியில் காசுக்குத்தான் பஞ்சம். வ.உ.சி.யும் இங்கே பணக்காரர் ஆகிவிடவில்லை.

கோவில்பட்டி வாழ்க்கை வெறும் கோர்ட்டு வாழ்க்கையாகவும் இருக்கவில்லை. 1927-ல் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பதவிகளிலும் வேலைகளிலும் பிராமணர் அல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை அச்சில் கொண்டுவரப் பாடுபட்டார்.

கடைசி நாட்கள்

1932-ல் கோவில்பட்டியை விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் அவருடைய கப்பல் கிளம்பிய அதே ஊர். பழைய தோழர்களில் பாரதி 1921-லேயே போய்விட்டார், சிவா 1925-ல் போய்விட்டார். உடம்பு தளர்ந்த வ.உ.சி., தன் கடைசி ஆசைப்படி காங்கிரஸ் அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டார். 1936 நவம்பர் 18-ந்தேதி அங்கேயே உயிர் பிரிந்தது.

அவர் எழுதிவைத்த உயிலில் கடன் கணக்குதான் நீளமாக இருந்தது. மளிகைக் கடைக்கு இவ்வளவு, துணிக் கடைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டிய பாக்கியை ஒன்றுவிடாமல் குறித்துவைத்திருந்தார். பத்து லட்சம் மூலதனத்தில் கப்பல் கம்பெனி நடத்தியவர் அவர்!

1986-ல் நெல்லையிலிருந்து பிரிந்த புது மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பின்னாளில் அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 2011-ல் தூத்துக்குடி துறைமுகம் வ.உ. சிதம்பரனார் துறைமுகம் ஆனது. கோவில்பட்டியில் வ.உ.சி. பெயரில் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. கப்பலும் செக்கும் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடும். பாக்கி வைத்த கடைக்காரனை உயிலில்கூட மறக்காத கோவில்பட்டி வக்கீலையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், ஊருக்கே பெருமை.