கருணையை உரிமையாக்கப் போராடிய என்.எம். ஜோஷி

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: பணியிடத்தில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளிக்கு இழப்பீடு வழங்க வகைசெய்து 1923-ல் இயற்றப்பட்ட சட்டம், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைந்துவிட்டது. அந்தப் பழைய சட்டம் மத்திய சட்டப் பேரவையில் விவாதிக்கப்பட்டபோது, தொழிலாளர் தரப்பின் குரலாக அவையில் இருந்தவர் நாராயண் மல்ஹார் ஜோஷி. இப்போதைய தில்லி சட்டப் பேரவைக் கட்டடத்தில்தான் அப்போது அந்த அவை கூடியது.

ஆசிரியர் பணியிலிருந்து...

மகாராஷ்டிரத்தின் இன்றைய ராய்கட் மாவட்டத்தைச் சேர்ந்த கோரேகாவில் 1879-ல் பிறந்தார் ஜோஷி. சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1909-ல் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1911-ல் பம்பாயில் சமூக சேவை லீகைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர்களின் துயரம் அவருக்கு நேரடியாகத் தெரிய வந்தது அங்குதான்.

1919-ல் வாஷிங்டனில் நடைபெற்ற முதலாவது சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர்களின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். மறு ஆண்டு ஏஐடியுசி அமைப்பு உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1921-ல் தொழிலாளர் பிரதிநிதியாக மத்திய சட்டப் பேரவைக்கு நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கு பணியாற்றினார்.

வலது கைக்கு 70 சதவீதம்

அதுவரை, இயந்திரத்தில் கையை இழந்த தொழிலாளி இழப்பீடு பெற வேண்டுமானால், முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. சக தொழிலாளியின் தவறு என்றோ, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார் என்றோ கூறி முதலாளி தப்பிக்க முடிந்தது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவருக்கு முதலாளியின் கருணையே மிச்சம்.

1924 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த சட்டம் இந்நிலையை மாற்றியது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தது என்பதே போதும். முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழந்தால் 30 மாத ஊதியம் அல்லது ரூ.2,500, முற்றிலும் முடமானால் 42 மாத ஊதியம் அல்லது ரூ.3,500; இவற்றில் எது குறைவோ அது வழங்கப்படும். உறுப்பு இழப்புக்குத் தனிப் பட்டியல் இருந்தது. முழங்கையிலோ அதற்கு மேலோ வலது கை துண்டானால் 70 சதவீதம். இடது கைக்கு 60. ஒரு கண்ணுக்கு 30. மாதம் ரூ.20 ஊதியம் பெற்றவரின் வலது கைக்குக் கிடைத்தது ரூ.588.

இழப்பு 10 நாள்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே இழப்பீடு. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சட்ட வரம்புக்குள் வரவில்லை.

சென்னையின் தொடர்பு

உரிமை கிடைத்தாலும் அதைக் கேட்டுப் பெறத் தொழிலாளி தனியாக நிற்க முடியாது என்பதை ஜோஷி உணர்ந்திருந்தார். சென்னை பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலை விவகாரத்தில், பி.பி. வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்களுக்கு எதிராக 1920-ல் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. அதன் பின்னணியில், தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கோரும் தீர்மானத்தை 1921 மார்ச்சில் ஜோஷி அவையில் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

சொந்த முகாமிலேயே எதிர்ப்பு

விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷனில் 1929-ல் உறுப்பினரானது அவருக்குக் கடும் விமர்சனத்தைத் தேடித் தந்தது. அதே ஆண்டு ஜவாஹர்லால் நேரு தலைமையில் நாகபுரியில் கூடிய ஏஐடியுசி மாநாடு, கமிஷனைப் புறக்கணிக்க முடிவு செய்தது. ஜோஷியும் அவரது ஆதரவாளர்களும் வெளியேறித் தனிச் சம்மேளனம் அமைத்தனர். அந்நிய அரசின் கமிஷனில் அமர்வதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், 1931-ல் கமிஷன் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1933-ல் இழப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. காத்திருப்புக் காலம் 10 நாள்களிலிருந்து 7 நாள்களாகக் குறைந்தது. தொழிலாளி உயிரிழந்தால், அவரது தவறைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கும் வழியும் அடைபட்டது.

பிளவு பின்னர் நீங்கி, 1940 முதல் 1948 வரை மீண்டும் ஏஐடியுசி பொதுச் செயலராக இருந்த ஜோஷி, 1955 மே 30-ல் காலமானார்.

சட்டத்தின் பெயரும் தொகைகளும் பலமுறை மாறிவிட்டன. எனினும், தனக்கு இப்படியோர் உரிமை உண்டு என்பதே தெரியாத தொழிலாளிக்கு, எந்தச் சட்டமும் 1923-க்கு முந்தைய நிலையையே தரும். சட்டத்தோடு சங்கமும் வேண்டும் என்று ஜோஷி கேட்டதன் பொருள் அதுதான்.