சுப்பிரமணிய சிவமும் குழந்தைகளின் க்ஷேமமும்

தருமபுரி ஜில்லாவிலுள்ள பாப்பாரப்பட்டியின் பெயரைக் கேட்கும் தேசாபிமானி எவருக்கும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவத்தின் நினைவு வராமலிராது. அவருடைய தியாகத்தைப் பற்றி மேடைகளில் நாம் அடிக்கடி பேசுகிறோம். அவரை வாட்டிய வியாதியை மட்டும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். அவ்வியாதியிலிருந்து குழந்தைகளைக் காக்கும் கடமை நமக்கு இன்றும் இருப்பதால், அதைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

சிவம் 1884-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சேர்ந்து அவர் செய்த பிரசங்கங்கள் ஜனங்களைத் தட்டியெழுப்பின. சர்க்கார் அவர்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டிற்று. திருநெல்வேலிக் கோர்ட்டில் விதித்த 10 வருஷ தண்டனை அப்பீலில் 6 வருஷமாயிற்று. 1912-ல் அவர் விடுதலையாகி வெளிவந்தபோது குஷ்டரோகம் அவர் உடலில் குடிகொண்டிருந்தது. அவரோ மனந்தளரவில்லை. 1913-ல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கினார். ஊரூராய்ச் சென்று பேசினார். மீண்டும் சிறை புகுந்தார். நோயைக் காரணங்காட்டி அவர் ரெயிலில் ஏறலாகாதென்று சர்க்கார் தடுத்தபோது, கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பிரயாணம் செய்தார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப முற்பட்டார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஆலயம் எழுவதைக் காணாமலே, 1925-ம் வருஷம் ஜூலை மாதம், தமது 41-வது வயதில், சிவம் அவ்வூரிலேயே காலமானார்.

இந்நோயை முன்ஜன்ம பாபமென்றும் பரம்பரைச் சொத்தென்றும் அந்நாளில் பலர் எண்ணினர். இரண்டும் பிழை. 1873-லேயே நார்வே தேசத்து வைத்தியர் ஹான்ஸென் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டார். சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கி வசிப்பவருக்கு, மூக்கு வாய் வழியே வெளிப்படும் திவலைகளால் இது பரவுகிறது. தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதன்று. மனிதரில் மிகப் பெரும்பாலோருடைய உடம்பு இக்கிருமியைத் தானாகவே எதிர்த்து வென்றுவிடும். வெல்லாத உடம்பிலோ அது வெகு மெதுவாக வளரும். உள்ளே புகுந்தது வெளியே தெரிவதற்குச் சராசரி 5 வருஷம், சில சமயம் 20 வருஷமும் ஆகும். எந்நாளில் எவரிடமிருந்து வந்ததென்று எவராலும் சொல்லவொண்ணாது. ஆகவே முற்காப்பு தொட்டிலிலேயே தொடங்க வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் கல் நாட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1921-ல், பாரிஸ் நகரில் பி.ஸி.ஜி. மருந்து முதன்முதலாக ஒரு சிசுவுக்குக் கொடுக்கப்பட்டது. கால்மெட், குவெரின் என்னும் இருவரின் நெடுநாள் உழைப்பின் பயன் அது. க்ஷயரோகத்துக்கென்று செய்த அம்மருந்து, அக்கிருமிக்கு உறவான குஷ்டக் கிருமியையும் ஓரளவு தடுப்பதாகப் பிற்காலத்தில் தெரிந்தது. 1948-ல் சென்னைக் கிண்டியில் இதைத் தயாரிக்கும் கூடம் ஏற்பட்டது. இன்று பிறந்த குழந்தைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இடது புஜத்தில் இலவசமாகவே இந்த ஊசி போடப்படுகிறது. இது பூரண கவசமென்று நாம் சொல்ல மாட்டோம். மூளையைத் தாக்கும் கொடிய க்ஷயத்திலிருந்து குழந்தைகளைக் காப்பதே இதன் முதற்பயன். குஷ்டத்தைத் தடுப்பதில் இதன் பலன் இடத்துக்கிடம் வேறுபடுகிறது. எனவே ஊசியோடு தாய்ப்பாலும், புஷ்டியான ஆகாரமும், காற்றோட்டமுள்ள வீடும் வேண்டும். அரைவயிற்றுக் குழந்தையின் உடம்பு எந்தக் கிருமியோடும் திடமாகப் போராட இயலாது.

அப்படியும் நோய் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை. அவ்விடத்தில் உணர்ச்சிக் குறைவு: இதுவே முதல் அடையாளம். 1982 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்துவரும் கூட்டு மருந்தை, நோயின் தன்மைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் குணமாகும்; அதுவும் இலவசமே. காலதாமதம் செய்தாலோ நரம்பு கெட்டு, விரல்கள் மடங்கிவிடும். அந்த ஊனத்தை மருந்தினால் மீட்பது அரிது.

சிவத்துக்கு இம்மருந்துகளில் ஒன்றேனும் கிட்டவில்லை. நமது குழந்தைகளுக்கு எல்லாம் கிட்டியிருந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று படையை மறைக்கும் பெற்றோரும், ஊசியென்றால் ஒளியும் குடும்பங்களும் இன்னமும் உண்டு. இந்நோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாமென்றிருந்த விதிகளை 2019-ல் பார்லிமெண்டு நீக்கிவிட்டது. சட்டம் விட்ட வெட்கத்தை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

தேசத்தொண்டர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். சிவத்தின் நினைவு நாளில் மாலை சூட்டுவதோடு நில்லாமல், வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைக் கிராமங்களுக்கும் செல்லுங்கள். ஊசி போடாத சிசு உண்டா என்று வீடுவீடாய் விசாரியுங்கள். படை கண்ட குழந்தையைத் தாயுடன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த வீட்டில் அமர்ந்து ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ரெயிலில் இடம் மறுக்கப்பட்ட அந்தத் தேசபக்தருக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுவேயாகும்.