மரியா மாண்டிசோரி: விரல்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்

பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லைப் பார்க்காதவர்கள் குறைவு. ஏதோ ஒரு பாடத்திட்டத்தின் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இத்தாலிய மருத்துவர் ஒருவரின் குடும்பப் பெயர். ஆசிரியர் வேலைக்கு மட்டும் போகமாட்டேன் என்று சிறு வயதில் வீட்டாரிடம் பிடிவாதம் பிடித்த பெண் அவர்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இன்னும் சில ஆண்டுகளில் ஒன்றாம் ஆண்டு வகுப்பின் முன் ஆசிரியராக நிற்கப் போகிறீர்கள். வீட்டில் தம்பி தங்கைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருப்பீர்கள். அதனால் மரியா மாண்டிசோரியின் நீண்ட வாழ்க்கையில், எழுத்தோடு தொடர்புடைய பகுதியை மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மரியா 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. தாய் நிறையப் படிப்பவர். மகளின் ஆசைகளுக்குத் துணை நின்றவரும் அவரே. குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த ஒரே கதவு ஆசிரியப் பணி. மரியாவோ பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் போன பிறகு அந்த அறையில் அவர் தனியாக நின்று படித்தார். 1896இல் பட்டம் பெற்றார்.

மருத்துவரான பின் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதன் தொடர்பாக மனநல விடுதிகளுக்குப் போய் வந்தார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளையும் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு விடுதியில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவலுக்கு இருந்த பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மரியா சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, பிடிக்க வேறு எந்தப் பொருளுமே இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றில் இல்லை, கையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

காட்டில் தனியாக வளர்ந்த ஒரு சிறுவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க முயன்ற இட்டார்ட், அவருடைய மாணவர் செகுவான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை மரியா தேடிப் படித்தார். அவற்றை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே முழுவதும் எழுதினார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே கையால் எழுதினாராம். கை எழுதினால் மனம் பிடித்துக்கொள்ளும் என்பதை அவர் முதலில் சோதித்துப் பார்த்தது தம்மிடமே என்று எனக்குத் தோன்றுகிறது.

1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கையில் வலு உண்டு. ஆனால் ஊசி நூலைக் கொடுத்தால் ஒரு தையல்கூட வராது. மரியா ஊசியை எடுத்து வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னும் வேலையைக் கொடுத்தார். அது நன்றாகப் பழகிய பின் மறுபடியும் ஊசியைக் கொடுத்தார். அவளுக்குத் தையல் வந்துவிட்டது. தைக்காமலேயே அவளுடைய கை தையலுக்குத் தயாராகியிருந்தது.

அவருடைய முறையின் விதை இதுதான் என்பேன். ஒரு வேலையைச் செய்யச் சொல்லித் திரும்பத் திரும்பத் தோற்க வைப்பதற்குப் பதிலாக, அந்த வேலைக்கு வேண்டிய அசைவுகளைப் பிரித்தெடுத்து முன்னதாகவே பழக்கிவிட்டால் என்ன? எழுதுவதையும் அப்படிப் பிரித்துப் பார்த்தார். மரத்தில் எழுத்துகள் செய்ய வைத்து, பிள்ளைகளை அவற்றின் மேல் விரலை ஓட்டச் சொன்னார். அவருடைய மாணவர்களில் சிலர், இயல்பான பிள்ளைகள் எழுதும் அரசாங்கத் தேர்வில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து தேறினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். மரியாவுக்கு வேறொரு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் எங்கே நிறுத்தி வைத்திருக்கின்றன?

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய சொந்த வாழ்க்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உடன் பணியாற்றிய மருத்துவர் மொன்டெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் ஒரு மகன் பிறந்தான். பெயர் மாரியோ. அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. ஊரார் பிள்ளைகளை உலகமே கவனிக்கும்படி வளர்த்தவர், தம் பிள்ளையோடு சேர்ந்து வாழ அவனுக்குச் சுமார் 15 வயதாகும்வரை காத்திருந்தார்.

1907 ஜனவரி 6ஆம் நாள் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. பெற்றோர் வேலைக்குப் போனதும் வீட்டில் விடப்பட்ட சின்னப் பிள்ளைகள், புதிதாகச் சீரமைத்த அடுக்குமாடிகளின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்டட நிறுவனத்தின் நோக்கம். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர் ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லாத ஓர் இளம்பெண்.

அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் மரியாவுக்கு இல்லவே இல்லை. ஆறு வயதுக்கு முன் எழுத்து வேண்டாம் என்ற அக்காலக் கருத்துதான் அவருக்கும். கேட்டவர்கள் தாய்மார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. இவ்வளவு கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு எழுத்தையும் காட்டிவிடுங்கள் என்று வந்து நின்றார்கள். மரியா இணங்கினார்.

மரத்தில் எழுத்துகள் செய்யப் பணம் போதவில்லை. எனவே மரத்தைத் தேய்க்கப் பயன்படும் மணல்தாளில் எழுத்துகளை வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். வறுமை கொண்டுவந்த இந்த மாற்றம் மரத்தைவிட நன்றாக வேலை செய்தது. விரல் எழுத்தின் மேல் ஓடும்போது சொரசொரப்பாக இருக்கும். தடம் மாறினால் வழவழக்கும். பிழையைச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும்.

பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே எழுத்தின் மேல் தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். பெயரைச் சொல்லாது, ஒலியை மட்டும். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. வேறொரு நேரத்தில், அட்டையில் வெட்டிய எழுத்துகளை எடுத்து, காதில் விழும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துத் தரையில் அடுக்கும். இது எழுத்துக்கூட்டும் பயிற்சி. இன்னொரு நேரத்தில், உலோகச் சட்டங்களுக்குள் வட்டம், முக்கோணம் வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் நெருக்கமான கோடுகள் போட்டு நிரப்பும். இது பென்சிலைப் பிடிக்கவும் அடக்கவும் பயிற்சி. இதுவரை ஒரு பிள்ளையும் ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த டிசம்பரில், வெயில் இதமாக அடித்த ஒரு நாள், மரியா பிள்ளைகளோடு மொட்டைமாடிக்குப் போனார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் வெண்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். மரியா பாராட்டினார். சிறுவன் ஒரு கணம் சிரித்தான். பிறகு தனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டே மண்டியிட்டு, 'கை' என்பதற்கான இத்தாலியச் சொல்லை எழுதினான். அடுத்துப் புகைபோக்கி, அதற்கடுத்துக் கூரை என்று எழுதினான். மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு வெண்கட்டி கேட்டார்கள். அவர்களும் எழுதினார்கள்.

அவன் முதலில் எழுதிய சொல் கையாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அதன் பிறகு சில நாள்கள் தரை, கதவு, சுவர் என்று எங்கும் எழுத்து. வீட்டில் ரொட்டியின் மேல்கூட எழுதியிருந்தார்கள். தாய்மார்கள் வேறு வழியில்லாமல் தாளும் பென்சிலும் வாங்கிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை பகலெல்லாம் எழுதி, மாலையெல்லாம் எழுதி, கையில் தாளும் பென்சிலுமாகவே படுக்கையில் தூங்கிப்போனது. நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் பயிற்சியிலிருந்து முதல் சொல்வரை ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம்தான் ஆனது என்று மரியா தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

படிப்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. எழுதும்போது சொல் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது; அதை ஒலிகளாகப் பிரித்தால் போதும். படிக்கும்போது, பிறர் மனத்தில் இருந்த சொல்லை எழுத்துகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அது கூடுதல் வேலை. பொம்மைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, சரியாகப் படிப்பவர்களுக்கு அந்தப் பொம்மை என்று மரியா ஒரு விளையாட்டு வைத்தார். பிள்ளைகள் பொம்மைகளை விட்டுவிட்டு அடுத்த சீட்டைக் கேட்டார்கள்.

இத்தாலிய மொழி பெரும்பாலும் சொல்வதுபோலவே எழுதப்படும் மொழி. அது அவருக்குக் கிடைத்த வசதி. ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் பூனை வருவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை குறைவு, 'ம' என்பதை 'ம' என்றே சொல்கிறோம். நமக்கு வேறு தொல்லைகள் உண்டு. 'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககர ஒலி. கையோ முதலில் கொம்பைப் போட வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டைச் சொல்லும் ஆசிரியரே ஒலிக்காவிட்டால், எத்தனை முறை பார்த்து எழுதினாலும் பிள்ளைக்கு நிற்காது.

விரலால் எழுதிப் பழகுவது தமிழருக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மணலில் எழுதும் வழக்கத்தைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டு போனார். தம் கையெழுத்து மோசமானது என்று வருந்திய காந்தியும், பிள்ளைகள் முதலில் வரையக் கற்க வேண்டும், அதன் பிறகே எழுத வேண்டும் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். உலோகச் சட்டங்களுக்குள் கோடு போட்ட ரோம் பிள்ளைகள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

1909இல் மரியாவின் நூல் வெளிவந்தது. 1913இல் அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. சில ஆண்டுகளில் மறந்தும் விட்டது. இத்தாலியில் முசோலினி முதலில் ஆதரவு கொடுத்தார். தலைவர் சொன்னபடி நடக்கும் பிள்ளைகள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். மரியாவின் பிள்ளைகள் அப்படி வளரவில்லை. 1934இல் உறவு முறிந்து, பள்ளிகள் மூடப்பட்டன. அவர் குடியிருந்த ஸ்பெயினில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்துக்குப் போனார்.

1939இல் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயதில் மாரியோவோடு சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய அரசு மாரியோவை எதிரி நாட்டவர் என்று அகமது நகர் முகாமில் அடைத்தது. மரியா சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அந்த ஆகஸ்டு 31 அவருடைய 70ஆவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது. அதுவரை வெளியுலகுக்கு மாரியோ உறவுக்காரர் அல்லது வளர்ப்புப் பிள்ளை. மகன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.

பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள், 1944இல் இலங்கையில் ஒரு பயிற்சி வகுப்பு, 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்புதல், மீண்டும் இந்தியா. அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று 1949இல் அடையாற்றிலிருந்துதான் முதலில் அச்சாகி வந்தது.

இன்று மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பல நாடுகளில் அது வசதியானவர்களின் பாலர் பள்ளியாகிவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் கேட்டதால் பிறந்த முறை, கட்டணம் கட்ட முடிந்தவர்களின் முறையானதை என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மணல்தாளும் அட்டையும் கத்தரிக்கோலும் விலை அதிகமான பொருள்கள் அல்ல.

1952 மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் மரியா காலமானார். வயது 81. ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி அப்போது மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார்.